ஈஸ்வரனும் ‘ஓன்’ என்ற சொல்லும் ஒரே குடி

மட்டக்களப்பிலிருந்து திருகோணமலை வீதியில் வடக்கே போனால், வாழைச்சேனையும் காயான்கேணியும் கழிந்து மாங்கேணி வரும். கடற்றொழிலும் வயலும் சேனையும் கலந்த ஊர். அங்கே ஒரு தோணியைப் பற்றி மூன்று விதமாகச் சொல்லலாம். “இது என்ட தோணி.” “எனக்கு ஒரு தோணி இருக்கு.” “என்னிட்ட ஒரு தோணி இருக்கு.”

மூன்றும் ஒன்றல்ல என்பது கேட்பவருக்கு விளக்காமலே விளங்கும். மூன்றாவதைச் சொல்பவர் மச்சானின் தோணியை இரண்டு நாளைக்கு வாங்கி வைத்திருக்கலாம். இரண்டாவதைச் சொல்பவரின் தோணி இப்போது கண்ணில் படாத இடத்தில், வாழைச்சேனையில் பழுதுபார்க்கக் கிடக்கலாம். ‘எனக்கு’ என்றால் உறவு நிலையானது. ‘என்னிட்ட’ என்றால் பொருள் இப்போது கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது. அதனால்தான் “எனக்கு ரெண்டு தம்பி” என்கிறோம். “என்னிட்ட ரெண்டு தம்பி இருக்கு” என்றால் யாரோ பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி விட்டுப் போனது போல் ஆகிவிடும்.

இதே ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படிக்கும் பிள்ளை முதலில் இடறும் இடமும் இதுதான். தம்பிக்கும் ‘ஹாவ்’, தோணிக்கும் ‘ஹாவ்’, காய்ச்சலுக்கும் ‘ஹாவ்’. அகராதியைத் திறந்தால் ‘வைத்திரு’ என்று போட்டிருக்கும். அதை நம்பி “நான் ஒரு தம்பியை வைத்திருக்கிறேன்” என்று எழுதினால் வகுப்பே சிரிக்கும். சட்டப்படி சொந்தம் என்று அழுத்திச் சொல்லவேண்டிய இடத்தில் ‘ஓன்’ என்று இன்னொரு வினை வந்து நிற்கும். ஆங்கிலத்தில் ‘நான்’ எழுவாயாகி, ஏதோ வேலை செய்வதுபோல் தோணியை ‘ஹாவ்’ பண்ணுகிறேன். தமிழில் நான் ஒன்றும் செய்வதில்லை. தோணி இருக்கிறது, அது யாருக்கு என்பதை ஒரு ‘கு’ சொல்லிவிடுகிறது.

தமிழில் ஏன் அந்த வினை இல்லை என்றுதான் நாம் வழக்கமாகக் கேட்கிறோம். மொழியியலார் கேள்வியைத் திருப்பிப் போடுகிறார்கள்: ஆங்கிலத்துக்கு அது எப்படி வந்தது?

உலக மொழிகளின் அமைப்பை வரைபடமாக்கிய ஒரு பெரும் தொகுப்புக்காக, லியோன் ஸ்டாஸன் என்ற டச்சு மொழியியலார் 240 மொழிகளை எடுத்துக்கொண்டு, ‘எனக்கு இன்னது உண்டு’ என்ற கருத்தை அவை எப்படிச் சொல்கின்றன என்று வகைப்படுத்தினார். ‘ஹாவ்’ போன்ற தனிவினையைப் பயன்படுத்துபவை 63 மட்டுமே. ஏறக்குறைய நான்கில் ஒன்று. மற்றவை எல்லாம் ‘இரு’ என்ற வினையை ஏதோ ஒரு வகையில் வளைத்துக்கொள்கின்றன. ரஷ்ய மொழியில் ‘என் அருகே புத்தகம் உண்டு’ என்பார்கள். சுவாகிலியில் ‘நான் புத்தகத்தோடு இருக்கிறேன்’. பக்கத்துச் சிங்களத்தில் ‘மட்ட பொதக் தியெனவா’, அதாவது எனக்கு ஒரு புத்தகம் இருக்கிறது. தமிழ் வாக்கியத்தின் எலும்புக்கூடு அப்படியே. சிங்களம் ஆங்கிலத்துக்குத் தூரத்து உறவு, தமிழுக்கு உறவே இல்லை. இருந்தும் இந்த விஷயத்தில் அது பேசுவது தமிழைப் போல.

‘இருத்தல்’ சொத்தாக மாறுவது நமக்குப் பழகிப்போன சங்கதி. வங்கிக் கணக்கில் ‘இருப்பு’ என்கிறோம், பணக்காரரை ‘உள்ளவர்’ என்கிறோம், ஏழையை ‘இல்லாதவர்’ என்கிறோம். சொத்துக்கு ‘ஆஸ்தி’ என்று ஒரு சொல் உண்டு. அது ‘அஸ்தி’, அதாவது ‘இருக்கிறது’ என்ற வடமொழி வினையிலிருந்து வந்தது.

வடமொழியிலும் ‘ஹாவ்’ இல்லை. ‘என்னுடையதாக இருக்கிறது’ என்று சொல்லவேண்டும். பழைய லத்தீனில் ‘எனக்கு உண்டு’ என்ற அமைப்பே இயல்பாக இருந்தது. ஆங்கிலம், லத்தீன், கிரேக்கம், வடமொழி, சிங்களம் எல்லாம் கிளைத்த மூல இந்தோ-ஐரோப்பிய மொழியிலேயே அப்படி ஒரு வினை இருந்திருக்காது என்று பிரெஞ்சு அறிஞர் அந்துவான் மெய்யே 1920களில் வாதிட்டார். எழுத்தே இல்லாத, பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் மறைந்த ஒரு மொழியில் ஒரு சொல் இல்லை என்று எப்படிச் சொல்வது? ‘இரு’ என்பதற்கு இந்தக் கிளைகளில் வடமொழி அஸ்தி, லத்தீன் எஸ்ட், ஜெர்மன் இஸ்ட், ஆங்கிலம் இஸ் என்று ஒரே வேர் திரும்பத் திரும்ப வருகிறது. அது தாய்வீட்டுச் சீதனம் என்பது தெளிவு. ‘ஹாவ்’ என்ற கருத்துக்கோ ஒவ்வொரு கிளையும் வேறு வேறு வேரை வைத்திருக்கிறது. ஆளுக்கொன்றாக வைத்திருப்பது தனிக்குடித்தனம் போனபின் தேடிக்கொண்டது என்று கொள்வதுதான் நியாயம்.

அந்தத் தேட்டம் எங்கிருந்து வந்தது? பெரும்பாலும் கையிலிருந்து. கிரேக்கத்தின் ‘எகோ’ முதலில் பிடித்துக்கொள்வதைக் குறித்தது. ஸ்லாவிய மொழிகளின் வினை ‘எடு’ என்பதிலிருந்து வந்தது. ஆங்கில ‘ஹாவ்’ பிறந்தது ‘பற்று, பிடுங்கு’ என்ற பொருளுள்ள வேரில்.

‘ஹாவ்’ விஷயத்தில் ஒரு பொறி இருக்கிறது. லத்தீனில் ‘ஹபேரே’ என்று ஒரு வினை உண்டு. பொருள், வைத்திருத்தல். ஒலியும் பொருளும் இப்படி ஒத்துப்போனால் இரண்டும் ஒன்று என்று யாரும் சத்தியம் செய்வார்கள். ஆனால் இரண்டுக்கும் உறவில்லை.

மட்டக்களப்புக்காரருக்கு இதைச் சொல்ல எளிய வழி குடிமுறை. அங்கே ஒருவர் எந்தக் குடி என்பது தாய்வழியே வருகிறது. ஒரே குடிக்குள் கலியாணம் இல்லை. முகச்சாயலைப் பார்த்துக் குடி சொல்ல முடியாது. அச்சில் வார்த்ததுபோல் இருக்கும் இருவர் வேறு குடியாக இருக்கலாம். ஒருவர் ஜாடை மற்றவருக்குக் கொஞ்சமும் இல்லாத இருவர் ஒரே குடியாக இருக்கலாம். தாய், தாயின் தாய் என்று படிப்படியாகப் பின்னால் போய்த்தான் பார்க்கவேண்டும். சொற்களுக்கும் அதுவே. பின்னால் போகும் படிகள், ஒலிமாற்ற விதிகள்.

இந்த விதிகளில் புகழ்பெற்றதை டென்மார்க்கின் ராஸ்முஸ் ரஸ்க் 1818இல் கண்டார். ஜெர்மனியின் யாக்கோப் கிரிம் 1822இல் ஒழுங்குபடுத்தி எழுதினார். தேவதைக் கதைகள் தொகுத்த அதே கிரிம்தான். லத்தீனில் சொல் முதலில் ‘க’ வரும் இடத்தில் ஆங்கிலத்தில் ‘ஹ’ வரும்: லத்தீனில் கொம்பு ‘கோர்னு’, ஆங்கிலத்தில் ‘ஹார்ன்’. நூறு ‘கென்டும்’, ‘ஹன்ட்ரட்’. நாய் ‘கானிஸ்’, ‘ஹவுண்ட்’. அப்படியானால் லத்தீன் ‘ஹ’வுக்கு எதிரே ஆங்கிலத்தில் என்ன? ‘க’. லத்தீனில் அந்நியர் ‘ஹோஸ்டிஸ்’, ஆங்கிலத்தில் விருந்தாளி ‘கெஸ்ட்’.

இந்த இரண்டு விதியையும் வைத்துப் பார்த்தால் லத்தீன் ‘ஹபேரே’க்கு ஆங்கிலத்தில் உறவு ‘ஹாவ்’ ஆக முடியாது; ‘கிவ்’தான் ஆகும். கொடுப்பதும் கொள்வதும் ஒரே வேரில் பிறந்திருக்கின்றன. ஆங்கில ‘ஹாவ்’க்கு லத்தீனில் உறவு ‘கபேரே’, பிடித்தல். ‘காப்சர்’ என்று ஆங்கிலம் பின்னாளில் கடன் வாங்கியதும் அந்த வேர்தான். ஒரே வேர் ஆங்கிலத்துக்குள் இரண்டு வாசலால் வந்திருக்கிறது.

பிடி தேய்ந்தால் மொழி இன்னொரு பிடியைப் போடுகிறது. ஸ்பானிய மொழியில் ‘ஹபேரே’யின் வாரிசு வெறும் துணைவினையாக மெலிந்தபோது, ‘பிடித்திரு’ என்ற பொருளுள்ள ‘தெனேர்’ வந்து உடைமைப் பொருளை எடுத்துக்கொண்டது. இன்றைய ஆங்கிலப் பேச்சில் ‘ஐ’வ் கொட்’ என்கிறார்களே, அந்த ‘கெட்’டும் பழைய ஸ்காண்டிநேவிய வேரில் எட்டிப் பிடிப்பதுதான்.

‘ஹாவ்’ கதை இவ்வளவு. ‘ஓன்’ கதைதான் எனக்கு அதிகம் பிடித்தது. அது நம் கோயில் வாசலில் முடிகிறது.

பழைய ஆங்கிலத்தில் ‘ஆகன்’ என்று ஒரு வினை இருந்தது. பொருள், உடைமையாகக் கொண்டிருத்தல். நடுக் ‘க’ மெல்ல மெல்லக் கரைந்து ‘வ’ ஆகி, கடைசியில் உயிரொலியோடு ஒட்டிப்போனது. இது ஒரு சொல்லுக்கு மட்டும் நடந்த விபத்தல்ல. வில்லுக்கு ஜெர்மனில் ‘போகன்’, ஆங்கிலத்தில் ‘போ’. அதே கணக்கில் ஜெர்மன் ‘ஐகன்’ ஆங்கிலத்தில் ‘ஓன்’. பல்கலைக்கழகத்தில் கணிதம் படித்தவர்கள் ‘ஐகன் பெறுமானம்’ என்று மனனம் செய்த சொல்லும் இந்த ‘ஐகன்’தான். அணிக்குச் ‘சொந்தமான’ எண் என்பது பொருள்.

இன்னும் பின்னால் போனால் கோதிக் மொழி. நான்காம் நூற்றாண்டில் வுல்ஃபிலா என்ற ஆயர் கோத்தியர்களுக்காக விவிலியத்தை மொழிபெயர்த்தார். வெள்ளி எழுத்தில் எழுதிய அதன் ஏடு இன்று சுவீடனின் உப்சாலா நகரில் இருக்கிறது. கோதிக்கில் ‘எனக்கு உடைமை’ என்பதற்கு ‘ஐஹ்’. ‘எங்களுக்கு உடைமை’ என்பதற்கு ‘ஐகும்’. ஒருமையில் ‘ஹ’, பன்மையில் ‘க’. ஒரே வினைக்குள் மெய்யெழுத்து ஏன் மாறவேண்டும்?

கிரிம் இந்த மாதிரி இடங்களில் தடுமாறினார். அவர் விதிக்கு விலக்குகள் இருந்தன. தந்தைக்கும் சகோதரனுக்குமான சொற்களில் வடமொழியில் ஒரே ‘த’ வருகிறது: பிதா, ப்ராதா. ஜெர்மானிய மொழிகளில் இரண்டும் வேறாகப் பிரிகின்றன: ஜெர்மனில் ‘ஃபாட்டர்’, ‘ப்ரூடர்’. அரை நூற்றாண்டு இது யாருக்கும் பிடிபடவில்லை. 1875இல் கார்ல் வெர்னர் என்ற டேனிய இளைஞர் விடையைக் கண்டார். அவரே சொன்னதாக நிலவும் கதை சுவையானது. மதியம் தூக்கம் வருவதற்காக ஒப்பிலக்கண நூல் ஒன்றைக் கையில் எடுத்துப் படுத்திருக்கிறார். பக்கத்தில் இந்த இரண்டு வடமொழிச் சொற்களும் இருந்தன. வேத மொழியின் அழுத்தக் குறி ‘பிதா’வில் கடைசி அசை மேலும் ‘ப்ராதா’வில் முதல் அசை மேலும் இட்டிருந்தது. தூக்கம் போயிற்று. அழுத்தம் முன்னால் இருந்தால் மெய் ஒருவிதமாகவும், பின்னால் இருந்தால் வேறுவிதமாகவும் திரிகிறது. விலக்கு என்று ஒதுக்கிவைத்தவை எல்லாம் ஒரு விதிக்குள் வந்து விழுந்தன. வியப்பு என்னவென்றால், ஜெர்மானிய மொழிகளில் அந்தப் பழைய அழுத்தம் எப்போதோ அழிந்துவிட்டது. சுவடு மட்டும் மெய்யெழுத்தில் தங்கியிருந்தது. அதைப் படிக்கும் திறவுகோல், வேத ஓதலில் வாய்வழியே காத்துவந்த அழுத்தத்தில் இருந்தது.

வேத மொழியின் பழைய வினைவடிவங்களில் ஒருமையில் வேர் மீதும் பன்மையில் விகுதி மீதும் அழுத்தம் விழும். ஆகவே ‘ஐஹ்’, ‘ஐகும்’. ஆங்கிலம் இரண்டில் ‘க’ வடிவத்தைப் பிடித்துக்கொண்டு ‘ஓன்’ வரை வந்தது.

இப்போது இதற்கு வடமொழியில் யார் உறவு? ஜெர்மானிய ‘ஹ’வுக்கு லத்தீனில் ‘க’ என்று பார்த்தோம். வடமொழியில் அந்த இடத்தில் பல சொற்களில் ‘ச’ வரும். லத்தீன் ‘கென்டும்’, ஆங்கிலம் ‘ஹன்ட்ரட்’, வடமொழி ‘சதம்’. இலங்கையில் ரூபாய்க்கு நூறு சதம் என்று எண்ணுகிறோமே, அது. பத்துக்கு லத்தீன் ‘தெகெம்’, கோதிக் ‘தெஹுன்’, வடமொழி ‘தச’. ஆக, ‘ஐஹ்’க்கு எதிரே உயிருக்குப் பின் ‘ச’ உள்ள, உடைமைப் பொருள் தரும் வேர் ஒன்று வேண்டும். இருக்கிறது: ‘ஈச்’. உடைமையாகக் கொள், ஆள் என்பது பொருள். அதிலிருந்து வந்த பெயர்கள் ஈசன், ஈஸ்வரன். முன்னே உள்ள உயிர் ‘ஐ’, ‘ஈ’ என்று வேறுபடுவது உறுத்தலாம். மூல மொழியில் வேரின் உயிர் இடத்துக்கேற்ப வலுத்தும் மெலிந்தும் வரும். வித்தையும் வேதமும் ஒரே வேரில் பிறந்தவை என்பதை நினைத்தால் இது பெரிய இடைவெளி அல்ல.

மட்டக்களப்பு அமிர்தகழியில் மாமாங்கேஸ்வரர். கொக்கட்டிச்சோலையில் தான்தோன்றீஸ்வரர். மாங்கேணியைத் தாண்டிப் போகும் அதே வீதியின் மறுமுனையில் திருக்கோணேஸ்வரம். இந்தப் பெயர்களின் வாலில் இருப்பதும், கொழும்பு வழக்கறிஞர் ஆங்கிலப் பத்திரத்தில் எழுதும் ‘ஓனர்’ என்பதும் ஒரே குடி.

இங்கே ஒரு எச்சரிக்கை. ஈசன் தமிழுக்கு வடமொழியிலிருந்து வந்த சொல். தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் இதனால் உறவு ஏற்பட்டுவிடாது. ‘ஓன்’ என்பது ‘ஒன்று’ என்ற தமிழ்ச் சொல்லே என்றோ, ஈசன் ‘ஈதல்’ என்பதிலிருந்து வந்தது என்றோ யாராவது எழுதினால், ஒலி ஒத்திருக்கிறது என்பதைத் தவிர அவர்களிடம் வேறு என்ன சான்று உண்டு என்று கேட்கவேண்டும். ஒரு சொல்லுக்கு மட்டும் பொருந்தும் விதி விதியல்ல. ‘ஹபேரே’ நமக்குக் காட்டியது அதைத்தான்.

ஆனால் உறவே இல்லாத தமிழ் அதே பாதையைத் தானாக நடந்திருக்கிறது. பழந்தமிழில் ‘உடை’ என்று ஒரு வினை உண்டு: உடையேன், உடையாய், உடையான். காலம் காட்டாத இவ்வகை வினையை இலக்கணிகள் குறிப்பு வினை என்றார்கள். தமிழுக்கும் ஒரு காலத்தில் ‘ஹாவ்’ இருந்தது என்று சொல்ல இது போதும். இந்த ‘உடைமை’ எதையெல்லாம் பற்றியது என்று பார்த்தால் சுவாரசியம். திருக்குறளில் அன்புடைமை, அடக்கமுடைமை, நாணுடைமை என்று பத்து அதிகாரங்கள் உடைமை என்று முடிகின்றன. ஒன்றுகூடக் காணி பூமியைப் பற்றியதல்ல. செல்வத்துக்கான அதிகாரத்தின் பெயர் ‘பொருள் செயல்வகை’.

பிறகு உடையவர் ஆள்பவரானார். சோழர் கல்வெட்டுகளில் இறைவனே ‘உடையார்’. தஞ்சைப் பெரிய கோயிலில் 1010ஆம் ஆண்டையொட்டிய கல்வெட்டுகள் அங்குள்ள இறைவனை ராஜராஜீஸ்வரமுடையார் என்கின்றன. ‘ஈஸ்வர’ ஒரு பக்கம், ‘உடையார்’ மறுபக்கம். இரண்டு மொழிக் குடும்பங்களின் ‘உடைமையாளர்’ ஒரே பெயருக்குள் அடுத்தடுத்து உட்கார்ந்திருக்கிறார்கள். கன்னடத்தில் இந்தச் சொல் ‘ஒடெய’. மைசூர் அரசர்களின் பட்டமான ஒடெயர் அதுதான். ‘உ’ ஏன் ‘ஒ’ ஆயிற்று? தமிழ் இலை, கன்னட எலெ. தமிழ் விலை, கன்னட பெலெ. தமிழ்நாட்டுப் பேச்சிலேயே எலை, வெலை, ஒடம்பு என்றுதான் காதில் விழும். அடுத்த அசையில் உள்ள உயிர் முன்னதை இழுக்கிறது. இந்த மாற்றத்தை பத்ரிராஜு கிருஷ்ணமூர்த்தி 1958இல் தென்திராவிட மொழிகளில் ஆராய்ந்து எழுதினார். வெர்னரின் வேலைதான், வேறு நிலத்தில்.

இலங்கையில் உடையார் பின்னாளில் ஊர்த் தலைமைப் பதவியின் பெயராகவும் சுருங்கினார். வினையான ‘உடை’ இன்னும் அதிகம் சுருங்கியது. என்னுடைய என்று ஒட்டாகி, மட்டக்களப்புப் பேச்சில் ‘என்ட’ என்று தேய்ந்து, மாங்கேணித் தோணிக்காரர் வாயில் ஒரே ஒரு ‘ட’வாக நிற்கிறது. முழு வினை இப்படி உருபாகத் தேய்வதற்கு இலக்கணமயமாதல் என்று பெயர்.

அந்த ‘ட’ எப்போதும் சொத்தையா சொல்கிறது? “என்ட கை”, “என்ட தோணி” இரண்டிலும் ஒரே உருபு, ஆனால் கையை விற்க முடியாது. தமிழ் இலக்கணிகள் இதை நெடுங்காலத்துக்கு முன்பே பிரித்தார்கள். ஆறாம் வேற்றுமைப் பொருளில் தன்னைவிட்டுப் பிரியாதது தற்கிழமை; பிரிந்து நிற்கக்கூடியது பிறிதின்கிழமை. நன்னூல் இதை வகைப்படுத்திச் சொல்கிறது. ஐரோப்பாவில் இதே பிரிவுக்குப் பெயர் வந்தது 1914இல், லூசியன் லெவி-ப்ரூல் மெலனீசிய மொழிகளைப் பற்றி எழுதியபோது. அம்மொழிகளில் பல, தலைக்கும் தாய்க்கும் ஓர் உருபும் ஈட்டிக்கும் படகுக்கும் வேறு உருபும் வைத்திருக்கின்றன. லெவி-ப்ரூல் தன் கலைச்சொல்லைச் சட்டத்திலிருந்து எடுத்தார்: பராதீனப்படுத்த முடியாதது, அதாவது கைமாற்ற முடியாத சொத்து.

சட்டம் என்றதும் காணி நினைவுக்கு வராமல் இருக்காது. கிழக்கில் ‘உறுதிக் காணி’ வேறு, ‘பேர்மிட் காணி’ வேறு. உறுதி உள்ளவருக்கு ஆங்கிலச் சட்டமொழியில் ‘ஓன்’. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திச் சட்டத்தின் கீழ் பேர்மிட் பெற்றவர் வீடு கட்டலாம், தென்னை வைக்கலாம், பிள்ளைக்கு விடலாம். அரசின் சம்மதமில்லாமல் விற்க முடியாது. ‘ஹாவ்’ என்று சொல்லலாம், ‘ஓன்’ என்று சொல்வது சந்தேகம். அதற்கும் முன்னால், பயிரில்லாத, ஆளில்லாத நிலம் எல்லாம், மறுபடி நிரூபிக்கப்படும்வரை, அரசுடையது என்று 1840ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று அனுமானித்துக்கொண்டது. சேனை செய்துவிட்டு நிலத்தைச் சில ஆண்டு ஆறப்போடும் மக்களுக்கு அந்த அனுமானம் என்ன செய்திருக்கும் என்று விளக்க வேண்டியதில்லை.

மட்டக்களப்பின் பழைய முக்குவர் சட்டத்தில் உடைமை இன்னொரு விதம். முதுசமாக வந்தது தாய்வழியே இறங்கும். ஆண் அனுபவித்தாலும் அவனுக்குப் பின் போவது அவன் பிள்ளைகளுக்கல்ல, சகோதரியின் பிள்ளைகளுக்கு. 1876இல் கிறிஸ்தோபர் பிரிட்டோ அந்த விதிகளை ஆங்கிலத்தில் நூலாக்கினார். அதே 1876இல் வந்த திருமண உரிமை, மரபுரிமைச் சட்டம் அதை முடிவுக்குக் கொண்டுவந்தது. இப்படிப்பட்ட ஒரு மனிதர் தன் மாமன் வழி வந்த வயலை ‘ஓன்’ பண்ணினாரா? ஆங்கிலச் சொல்லுக்கு இதில் சரியாகக் கால்வைக்க இடமில்லை. ‘எனக்கு இருக்கு’ என்பது பொருந்தும்.

‘ஓன்’ சொல்லின் கிளை ஒன்றை விட்டுவிட்டேன். பழைய ஆங்கில ‘ஆகன்’ என்பதன் நேர் வாரிசு ‘ஓன்’ அல்ல, ‘ஓ’, இன்றைக்குக் கடன்பட்டிருத்தல். ஷேக்ஸ்பியர் நாடகங்களில் இந்த ‘ஓ’ பல இடங்களில் சொந்தமாகக் கொண்டிருத்தல் என்ற பழைய பொருளிலேயே வரும். ‘கொடுக்கவேண்டியது என்னிடம் உண்டு’ என்ற தொடரில் புழங்கிப் புழங்கி அது உடைமையிலிருந்து கடனுக்கு நழுவியது. அதன் இறந்தகால வடிவம் ‘ஓட்’, ‘செய்யவேண்டும்’ என்ற கடமைப் பொருளுக்குப் போய்விட்டது. சொந்தத்தைச் சொல்ல ஆள் இல்லாமல் போகவே, நூற்றாண்டுகளாக வழக்கொழிந்து கிடந்த ‘ஓன்’ வினை, ‘ஓனர்’ என்ற பெயர்ச்சொல்லின் துணையோடு 17ஆம் நூற்றாண்டில் திரும்பி வந்தது. சொத்து, கடன், கடமை என்று மூன்றும் ஒரே வேர். தமிழில் கடனும் கடமையும் ஒட்டிப் பிறந்தவை; பழைய கல்வெட்டுகளில் கடமை என்றால் நிலவரி.

இன்னொரு ஒற்றுமையும் உண்டு. ஆங்கிலம் ‘ஹாவ்’ போடும் இடங்களை வரிசையாக வைத்துத் தமிழைப் பாருங்கள். ‘ஐ ஹாவ் எ போட்’: எனக்குத் தோணி இருக்கு. ‘ஐ ஹாவ் சீன்’: பார்த்திருக்கிறேன். ‘ஐ ஹாவ் டு கோ’: போக வேண்டியிருக்கு. உடைமை, முடிந்த செயல், கடப்பாடு என்று ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத மூன்று இடம். மூன்றிலும் அங்கே ‘ஹாவ்’, இங்கே ‘இரு’. எமில் பென்வெனிஸ்ட் 1960இல் எழுதிய கட்டுரையில் தமிழைப் பார்க்காமலே இதற்கான விளக்கத்தைத் தந்தார்: ‘ஹாவ்’ வகை வினை உண்மையில் ஒரு செயலைச் சொல்வதே இல்லை, ‘ஒருவருக்கு இருத்தல்’ என்ற நிலையைத் தலைகீழாகத் திருப்பி, ஆளை எழுவாயாக்கிய வடிவம்தான் அது. எழுவாய் மட்டும் ஏதோ செய்வதுபோல் வேடம் போடுகிறது.

அந்த வேடம் இப்போது தமிழிலும் தயாராகிறது. “அவர் வாழைச்சேனையில ரெண்டு கடை வச்சிருக்கார்.” எழுவாய் ஆள், செயப்படுபொருள் கடை. ‘வை’ என்ற வினையும் ‘இரு’ என்ற துணையும் சேர்ந்து ‘ஹாவ்’ வேலையைச் செய்கின்றன. ஐரோப்பாவில் பிடுங்கும் கையிலிருந்து முளைத்தது, இங்கே பொருளைக் கீழே வைக்கும் கையிலிருந்து முளைக்கிறது. கடை, கார், கைப்பேசி, நாய் வரைக்கும் அது வந்தாயிற்று. கருத்து வச்சிருக்கிறார், கணக்கு வச்சிருக்கிறார் என்று கண்ணுக்குத் தெரியாத பொருள்களுக்கும் போய்விட்டது. தம்பிக்கும் காய்ச்சலுக்கும் இன்னும் போகவில்லை. மனைவியைப் பற்றிச் சொன்னால் அடி விழும், ஏனென்றால் ஒருவர் ஒரு பெண்ணை ‘வச்சிருக்கார்’ என்பதற்குத் தமிழில் வேறு பொருள் ஏற்கெனவே பதிவாகியிருக்கிறது.